பிடித்து வைத்திருப்பது யார்?

லினக்ஸில் டெபியனோ உபுண்டுவோ வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் பார்த்தே தீர வேண்டிய வரி ஒன்று உண்டு. எதையோ நிறுவச் சொல்லி, பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட்டை ஏவியிருப்பீர்கள். அது நாலு வரி முனகிவிட்டுக் கடைசியில், "யூ ஹேவ் ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்று முடிக்கும். உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். பெரும்பாலும் நீங்கள் எதையுமே பிடித்து வைத்திருக்க மாட்டீர்கள். 'ஹோல்டு' என்பது ஒரு பேக்கேஜை இந்தப் பதிப்பிலேயே நிறுத்தி வை என்று நாமாகக் கொடுக்கும் கட்டளை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களைத்தான் இந்த வரி அதிகமாகத் திட்டுகிறது. ஆப்ட் சொல்ல வருவது இவ்வளவுதான்: நீ கேட்டதையும் ஏற்கெனவே இருப்பதையும் ஒன்றாக வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன், இங்கே திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறான். டெபியனுக்காக நான் சில சின்னப் பேக்கேஜ்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணா, நான் எதையும் ஹோல்டு பண்ணலண்ணா. இது ஏன் என்னையே சொல்லுது?"

"சோர்ஸஸ் லிஸ்ட்டைக் காட்டு."

காட்டினான். டெபியன் 12 போட்டிருந்தான். அதன்கீழே டெபியன் 11க்கான வரி ஒன்று. அதன்கீழே உபுண்டுவுக்கான தனிக் களஞ்சியம் ஒன்று.

"இது எதுக்குடா?"

"ஒரு டேட்டாபேஸ் போடணும்ணா. லிப்எஸ்எஸ்எல் 1.1 வேணும்னு கேட்டுச்சு. யூடியூப்ல ஒருத்தர் இந்த வரியைச் சேர்க்கச் சொன்னாரு."

"உபுண்டு வரி?"

"அது இன்னொருத்தர்ணா."

இந்த மாதிரி ஒட்டுப்போட்ட கணினிக்கு டெபியன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃப்ராங்கன்டெபியன்'. செய்யாதீர்கள் என்று அவர்களுடைய விக்கியில் தனிப் பக்கமே இருக்கிறது. ஆனால் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. லிப்எஸ்எஸ்எல் வருவது ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து. அதன் 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில். பழைய 1.1.1 வரிசைக்கான ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்தது. டெபியன் 12 பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதோடு வந்தது. அவனுக்கு வேண்டிய டேட்டாபேஸின் பழைய பேக்கேஜோ, 1.1 இல்லாமல் வரமாட்டேன் என்றது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டவன் இவன்.

இந்த மாட்டிக்கொள்ளுதல் எப்படி நடக்கிறது, யார் அதைத் தீர்க்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

டெபியனை இயன் முர்டாக் ஆரம்பித்தது 1993 ஆகஸ்டில். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 69,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. இவற்றைப் பார்த்துக்கொள்வது ஒரு நிறுவனம் அல்ல. வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் சுமார் ஆயிரம் பேர், அவர்களோடு என்னைப் போன்ற உதிரிகள். ஒவ்வொரு பேக்கேஜும் தன் தலையில் ஒரு சின்ன அறிவிப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. எனக்கு இன்னின்னவை வேண்டும் என்பது 'டிபெண்ட்ஸ்'. இருந்தால் நல்லது என்பது 'ரெகமெண்ட்ஸ்'. இவரோடு ஒரே கணினியில் இருக்க மாட்டேன் என்பது 'கான்ஃப்ளிக்ட்ஸ்'. நான் வந்தால் இவருடைய பழைய பதிப்பு வேலை செய்யாது, முதலில் அதைப் புதுப்பியுங்கள் என்பது 'பிரேக்ஸ்'. இவர் வைத்திருந்த கோப்பை இனி நான் வைத்துக்கொள்கிறேன் என்பது 'ரிப்ளேஸஸ்'. இவர் செய்த வேலையை நானும் செய்வேன், இவரைக் கேட்டால் என்னைக் கொடுங்கள் என்பது 'ப்ரொவைட்ஸ்'.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களின் பேக்கேஜ் முன்பு 'டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்' என்ற பெயரில் இருந்தது. எழுத்துருக்கள் எல்லாமே 'ஃபான்ட்ஸ்' என்று தொடங்க வேண்டும் என்று பின்னர் முடிவு செய்தார்கள். பெயரை மாற்றினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் புதிய பெயரில் வரும் பேக்கேஜ் பழையது வைத்திருக்கும் அதே கோப்பின் மேல் எழுதப் போகும். இந்தக் கோப்பு இன்னொருவருடையது என்று சொல்லி, ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி கதவைச் சாத்திவிடும். அதனால் புதியது தன் தலையில் 'பிரேக்ஸ்', 'ரிப்ளேஸஸ்' இரண்டையும் போட்டுக்கொண்டு வரவேண்டும். பழைய பெயரில் உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுப் பேக்கேஜ் ஒன்றையும் விட்டுவைக்க வேண்டும், பழைய பெயரைக் கேட்டு வருகிறவர்களைப் புதிய பெயருக்கு அனுப்பிவைக்க. பயனாளியின் கண்ணில் எதுவும் படாமல் நடந்து முடிந்தால்தான் வேலை சரியாக நடந்ததாக அர்த்தம். அதனால் இதைச் செய்தவர்களுக்கு யாரும் நன்றி சொன்னதும் கிடையாது.

இப்படி எழுபதாயிரம் அறிவிப்புகளைக் கையில் கொடுத்து, இதை நிறுவ முடியுமா முடியாதா என்று கேட்டால், அது கணினியியலின் கடினமான கேள்விகளில் ஒன்று. ரொபெர்ட்டோ டி காஸ்மோவும் அவருடைய கூட்டாளிகளும் 'எடோஸ்' என்ற ஐரோப்பியத் திட்டத்தில் 2006 வாக்கில் இதை நிரூபித்தார்கள். 'இது வேண்டும், இதுவோ அதுவோ வேண்டும், இவை இரண்டும் சேர்ந்து கூடாது' என்ற மூன்று வகை வாக்கியம் கையில் இருந்தால் போதும், எந்தத் தர்க்கப் புதிரையும் பேக்கேஜ் அறிவிப்பாக எழுதிவிடலாம். எல்லாப் புதிர்களையும் வேகமாகத் தீர்க்கும் பொதுவழி யாரிடமும் இல்லை. ஆனால் நடைமுறையில் ஆப்ட் ஒரு கணத்தில் விடை சொல்லிவிடுகிறது. காரணம், நிஜமான பேக்கேஜ்கள் வம்புக்கென்று எழுதிய புதிர்கள் அல்ல. பெரும்பாலான பேக்கேஜ்கள் பெரும்பாலான பேக்கேஜ்களோடு சமாதானமாகவே வாழ்கின்றன.

ஆப்ட்டின் பழைய தீர்க்கும் முறை 1990களின் கடைசியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மதிப்பெண் போட்டு, குறைவாக வாங்கியதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் முறை. சில சமயம் விடை இருக்கும்போதே இல்லை என்று கைவிரித்துவிடும். அப்போது வருகிற வரிதான் அந்தத் திட்டு. இன்னொரு லினக்ஸான சூசேயின் உலகம் 2008லேயே, ஓப்பன்சூசே 11.0 வந்தபோது, முறையான தர்க்கத் தீர்விக்கு மாறிவிட்டது. டெபியன் 13ல் வந்த ஆப்ட் 3.0லும் புதிய தீர்வி ஒன்று சேர்ந்திருக்கிறது. அதன் பெரிய லாபம் வேகமல்ல. முடியாது என்றால் எதனால் முடியாது என்று ஓரளவு புரியும்படி சொல்கிறது. டார்ட் மொழிக்காக 2018ல் நடாலி வைசென்பாம் எழுதிய 'பப்கிரப்' முறைதான் இந்த விஷயத்தில் எல்லாருக்கும் கண்ணைத் திறந்தது என்பேன். 'இதற்கு அது வேண்டும், அதற்கு இது ஆகாது, ஆகவே நீ கேட்டது நடக்காது' என்று படிப்படியாகக் காரணம் சொல்லும். இன்று பைத்தானின் பேக்கேஜ் கருவியான 'யூவி' அதைத்தான் பயன்படுத்துகிறது.

சரி, கணக்கு முடிந்தது. தீர்வு இல்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? இதற்குத்தான் கணினியால் பதில் சொல்ல முடியாது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வசதி இருக்கிறது. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்ணால் பார்த்த கதை. கடைசியில் எல்லைத் தகராறைத் தீர்க்க மத்தியஸ்தராகப் படாஸ்கர் வந்தார். அவர் செய்ததில் முக்கியமானது அலகைத் தேர்ந்தெடுத்தது என்று நினைக்கிறேன். மாவட்டம் முழுவதும் யாருக்கு என்று கேட்டால் விடையே கிடையாது. அவர் கிராமத்தை அலகாக வைத்தார். அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், அது தொடர்ச்சியான நிலப்பரப்பா என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அந்தப் பக்கம் போயின. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. இன்றும் எல்லை தாண்டி நகரி போகும் பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் எந்த மொழியில் ஆரம்பிப்பார் என்று சொல்ல முடியாது.

பேக்கேஜ் உலகத்தின் முக்கால்வாசிச் சண்டையும் இந்த அலகுச் சண்டைதான். டெபியன் முழுக் கணினியையும் ஒரே அலகாக வைக்கிறது. ஒரு நூலகத்துக்குப் பொதுவாக ஒரே பதிப்பு, எல்லாரும் அதோடு ஒத்துப்போக வேண்டும். நோட்.ஜேஎஸ் உலகத்தின் என்பிஎம் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் அதற்கு வேண்டியதைத் தனித்தனியாக வைக்க விடுகிறது. ஒரே திட்டத்துக்குள் ஒரே நூலகத்தின் மூன்று பதிப்புகள் இருக்கலாம். நிக்ஸ் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனி முகவரி கொடுத்துத் தனித்தனியாக வைத்துவிடுகிறது, அங்கே மோதலுக்கே இடம் குறைவு. ஃப்ளாட்பேக்கில் செயலி தன் சட்டிபானையோடு வருகிறது. அலகு சிறியதானால் சண்டை குறையும். ஆனால் ஒரு நூலகத்தில் பாதுகாப்புக் குறை வந்தால், ஒரு இடத்தில் சரிசெய்தால் போதுமா, நாற்பது இடத்திலா? டெபியன் பிடிவாதமாக ஒரே பதிப்பு என்பதற்குக் காரணம் இதுதான். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது, அதில் வரும் தலைவலியோடு சேர்த்தே.

தலைவலிக்கு ஒரு பழைய கதை. 2014 வாக்கில் உபுண்டுவில் நோட்.ஜேஎஸ் நிறுவியவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பார்கள். பேக்கேஜ் நிறுவியாகிவிட்டது, 'நோட்' என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று வரும். 'நோட்ஜேஎஸ்' என்று முழுப்பெயரை அடிக்க வேண்டும். உபுண்டு தன் பேக்கேஜ்களை எடுப்பது டெபியனிலிருந்து. உலகமே 'நோட்' என்று அழைக்கும் ஒன்றுக்கு டெபியனில் மட்டும் ஏன் வேறு பெயர்?

ஏனென்றால் டெபியனில் ஏற்கெனவே ஒரு 'நோட்' இருந்தது. அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள், பாக்கெட் ரேடியோவுக்குப் பயன்படுத்திய ஒரு சின்ன நிரல். பயன்படுத்துகிறவர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் அவர்கள் முதலில் வந்தவர்கள். அவர்களுடைய கருவிகளின் அமைப்புக் கோப்புகளில் அந்தப் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஏதோ மலை உச்சியில் ஒரு கணினி அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். டெபியனின் விதிப்படி, வேறு வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் வரக் கூடாது. ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். யார் மாற்றுவது என்று இரு தரப்பும் ஒத்துவராவிட்டால், இரண்டு பேருமே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி விதியை முதலில் படித்தபோது குழந்தைகளுக்குச் சொல்வது போல இருக்கிறதே என்று சிரித்தேன். யோசித்தால், கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்வதைத் தடுக்கும் விதி அது. உலகத்தில் எத்தனை பேர் உன்னைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உன் சாமர்த்தியம், இங்கே இருப்பவரை நீ தள்ளிவிட முடியாது. விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழுவுக்குப் போய், 2012ல் தீர்ப்பு வந்தது. வானொலி நிரலும் பெயர் மாற வேண்டும், நோட்.ஜேஎஸ்ஸும் 'நோட்ஜேஎஸ்' ஆக வேண்டும். பழைய பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'நோட்ஜேஎஸ்-லெகஸி' என்று ஒரு தனிப் பேக்கேஜ். அது வானொலிப் பேக்கேஜோடு சேர்ந்து வாழாது. ஐந்து வருடம் கழித்து, 2017ல், வானொலிப் பேக்கேஜுக்கு ஆள் இல்லாமல் போயிருந்தது. அதே குழு தன் தீர்ப்பை விலக்கிக்கொண்டது. 'நோட்' என்ற பெயர் நோட்.ஜேஎஸ்ஸுக்கு வந்தது. இடையில் உலகம் முழுக்க எத்தனை மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். நிரல்களின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட்டுக்கும் இப்படி ஒன்று நடந்தது. 2010 வரை டெபியனில் 'கிட்' என்று கேட்டால் குனூவின் வேறொரு கருவி வந்தது, நாம் தேடியது 'கிட்-கோர்' என்ற பெயரில் இருந்தது. அது சண்டையில்லாமல் முடிந்தது.

நம் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது, இதைவிடக் கடினமானது. கேரளத்தைச் சேர்ந்த பிரவீன், பைரேட் பிரவீன் என்றால்தான் டெபியனில் எல்லாருக்கும் தெரியும், கிட் களஞ்சியங்களை வைத்து நடத்தும் கிட்லேபை டெபியனுக்குள் கொண்டுவர வேண்டும் என்று இறங்கினார். கிட்லேப் ரூபியில் எழுதியது. அதற்கு நூற்றுக்கணக்கான ரூபி ஜெம்கள் வேண்டும், ஒவ்வொன்றும் 'இந்தப் பதிப்புதான் வேண்டும், கொஞ்சம் மேலே போனாலும் ஆகாது' என்று எழுதி வைத்திருக்கும். அதன்பிறகு முன்பக்கத்துக்கு ஒரு குவியல் நோட் தொகுதிகள். டெபியன் விதிப்படி ஒவ்வொன்றும் தனிப் பேக்கேஜாக, மூலத்திலிருந்து கட்டக்கூடியதாக, உரிமம் சரிபார்த்ததாக வரவேண்டும். புதிதாக வரும் ஒவ்வொன்றையும் தன்னார்வலர் ஒருவர் கையால் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

பிரவீனும் நண்பர்களும் இதை ஒரு கற்பிக்கும் வேலையாக மாற்றினார்கள். கல்லூரிகளில் பேக்கேஜிங் முகாம்கள் நடந்தன. 'ஜெம்2டெப்', 'என்பிஎம்2டெப்' கருவிகளை வைத்து மாணவர்கள் ஆளுக்கு ஒரு சின்னத் தொகுதியை எடுத்துக் கட்டிப் பழகினார்கள். இந்தியாவில் டெபியனுக்குள் நுழைந்த ஒரு தலைமுறையில் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். 2023 செப்டம்பரில் டெபியனின் டெப்கான்ஃப் மாநாடு முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு, வந்ததில் அந்த முகாம்களுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பேக்கேஜ் என்னவாயிற்று? கிட்லேப் டெபியன் 9ல் இடம்பிடித்தது, 10ல் இல்லை. கிட்லேப் மாதம் ஒரு பதிப்பு விடுகிறது. டெபியனின் நிலைப்பதிப்பு சுமார் இரண்டு வருடத்துக்கு ஒன்று. ரெயில்ஸ் என்ற ரூபிச் சட்டகம் புதிய பதிப்புக்குப் போக வேண்டும் என்று மற்ற பேக்கேஜ்கள் காத்திருக்கும், கிட்லேப் பழைய ரெயில்ஸை விடாது. கிட்லேப் முன்னால் ஓடும், அதற்கு வேண்டிய ஜெம் இன்னும் வந்திருக்காது. இரண்டு வருடம் உறையும் இடத்தில் மாதந்தோறும் மாறுவதை வைக்க முடியாது என்று தெரிந்த பிறகு, 'ஃபாஸ்ட் ட்ராக்' என்று தனிக் களஞ்சியம் ஒன்றை அமைத்து அங்கே வைத்தார்கள். சிலர் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு அலகுக்குள் அடங்காததற்கு வேறு அலகு கண்டுபிடித்தார்கள். ஆனால் இரண்டு வரி மட்டுமே உள்ள நோட் தொகுதிகளையெல்லாம் தனித்தனிப் பேக்கேஜாக்கியது அதிகம்தான். வாசலில் சரிபார்க்கும் தன்னார்வலர்களே, சின்னவற்றைச் சேர்த்துக் கட்டிக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

பெரிய அளவில் ஒரு மோதலை முன்கூட்டியே வரவழைத்துத் தீர்த்த கதை 2024ல் நடந்தது. 32 பிட் கணினிகளில் நேரம் 1970ல் இருந்து நொடிகளாக எண்ணப்படுகிறது, 2038 ஜனவரி 19 அன்று அந்த எண் நிரம்பி வழியும். தீர்வு, நேரத்தை 64 பிட்டில் வைப்பது. ஆனால் நேரத்தின் அளவு மாறினால் அதைப் பரிமாறிக்கொள்ளும் நூலகங்களின் உள்ளமைப்பும் மாறும். பழைய நிரல் புதிய நூலகத்தோடு பேசினால் குப்பைதான் வரும். அதனால் நூற்றுக்கணக்கான நூலகப் பேக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்று ஒட்டினார்கள். லிப்எஸ்எஸ்எல்3, லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆயிற்று. பழைய பெயரோடு வேண்டுமென்றே சண்டை போட வைத்து, பாதி பழையது பாதி புதியது என்ற கலவை உருவாகாமல் தடுத்தார்கள். நம் கையில் இருக்கும் 64 பிட் கணினிகளில் உள்ளமைப்பு மாறவில்லை, அங்கே புதியது பழைய பெயருக்கும் 'நானே' என்று பதில் சொல்லும். அந்த மாதங்களில் 'சிட்' எனப்படும் நிலையற்ற கிளையை வைத்திருந்தவர்கள் மேம்படுத்தச் சொன்னால், ஆப்ட் பாதிக் கணினியைக் கழற்றட்டுமா என்று பணிவோடு கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவதுதான் புத்திசாலித்தனம்.

அந்தக் குழப்பத்தின் நடுவில்தான், 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் தன் டெபியன் சிட் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துருவிக்கொண்டே போய், எக்ஸ்இசட் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச்சுக்கும் சுருக்கு நூலகத்துக்கும் நேரடி உறவே இல்லை. டெபியனின் எஸ்எஸ்எச் ஒரு சின்ன வசதிக்காக சிஸ்டம்டி நூலகத்தை இழுத்தது, அது எக்ஸ்இசட்டை இழுத்தது. டிபெண்டன்சி பட்டியலில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. உட்கார்ந்து படித்தவர்தான் இல்லை.

திரும்பப் பழைய பதிப்புக்குப் போக வேண்டும். ஆனால் ஆப்ட்டுக்கு எண் பெரியதுதான் புதியது, தானாகப் பின்னால் போகாது. அதனால் டெபியன் வெளியிட்ட மாற்றுப் பதிப்பின் எண் இப்படி இருந்தது: 5.6.1+ரியலி5.4.5. பார்ப்பதற்கு 5.6.1ஐவிடப் புதியது, உள்ளே உண்மையில் 5.4.5. இந்த 'ரியலி' டெபியனில் பழைய வழக்கம்தான். ஆனாலும் அவசர இரவில் யாரோ அதைத் தட்டச்சு செய்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

இவ்வளவையும் யார் யாருக்கு உத்தரவிட்டு நடத்துகிறார்கள் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. யாரும் இல்லை. டெபியனின் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது: இந்தச் சாசனத்தில் உள்ள எதுவும் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தாது. முடிவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் அழுத்தம் வேறு விதமாகக் கொடுக்கிறார்கள். 'பிரிட்னி' என்ற நிரல் சிட் கிளையிலிருந்து பேக்கேஜ்களைச் சோதனைக் கிளைக்கு நகர்த்துகிறது. நீ வந்தால் நிறுவ முடியாத பேக்கேஜ்களின் எண்ணிக்கை கூடுமா என்று பார்க்கும். கூடும் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடும், எவ்வளவு பெரியவர் செய்த பேக்கேஜ் என்றெல்லாம் பார்க்காது. ஒரு பேக்கேஜில் கடுமையான பிழை திறந்தே கிடந்தால், அதை நம்பியிருக்கும் எல்லாப் பேக்கேஜ்களின் பொறுப்பாளர்களுக்கும், 'உங்கள் பேக்கேஜ் இந்தத் தேதியில் நீக்கப்படும்' என்று அஞ்சல் போகும். யாரோ செய்த தப்புக்கு என் பேக்கேஜ் ஏன் போக வேண்டும் என்று கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஆள் போய் யாரோ செய்த தப்பைத் திருத்திவிட்டு வருவார். பொறுப்பாளர் ஊரில் இல்லையென்றால், திருத்தத்தை சில நாள் தாமத வரிசையில் போட்டுவிட்டு, 'ஆட்சேபம் இருந்தால் நிறுத்துங்கள்' என்று எழுதிவைக்கலாம். ஆடிக் கிருத்திகை வாரத்தில் இங்கே செல்போன் சமிக்ஞை படுத்துவிடும், நான் இல்லாத அப்படி ஒரு வாரத்தில் என் பேக்கேஜையும் முகம் தெரியாத ஒருவர் இப்படிச் சரிசெய்திருக்கிறார்.

பையனின் லேப்டாப்பில் அயல் வரிகளை எடுத்துவிட்டு, அந்தப் பழைய டேட்டாபேஸை கன்டெய்னருக்குள் வைத்தோம். அதற்குள் அது கேட்கும் 1.1 இருக்கட்டும், வெளியே எதையும் தொடாது. அடுத்த வாரம், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் பற்றிக் கேட்டு வந்தான். டெபியன் 12ல் இருந்து பிப் வைத்துக் கணினி முழுமைக்கும் எதையாவது நிறுவப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுத்துவிடும். ஆப்ட் வைத்த கோப்பை பிப் மாற்றுவதும், பிப் வைத்ததை ஆப்ட் மாற்றுவதுமாக இரண்டு நிர்வாகிகள் ஒரே இடத்தில் மோதியதால் வந்த ஏற்பாடு. 'கணினிப் பேக்கேஜ்களை உடைத்துக்கொள்' என்ற அர்த்தத்தில் ஒரு விருப்பத்தேர்வையும் வைத்திருக்கிறார்கள், யூடியூபில் எல்லாரும் அதைத்தான் போடச் சொல்கிறார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் போடுகிறார்கள் என்றால் அதற்குமேல் என்ன செய்வது? வென்வ் என்ற தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் போடு என்றேன். இரண்டு நிமிட வேலை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, தமிழுக்கு எதுவும் செய்ய முடியுமா என்று கேட்டான். செய்யலாம். லோஹித் தமிழ் எழுத்துரு, டெஸராக்ட் எழுத்துணரியின் தமிழ்த் தரவு, தமிழ்99 தட்டச்சுக்கு உதவும் எம்17என் தரவுத்தளம், எல்லாமே டெபியனில் பேக்கேஜ்களாக இருக்கின்றன. இவற்றை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் குறைவு. அதனால் உடைந்தால் பிரிட்னிக்குத் தெரியாது, நீக்க அஞ்சலைப் பார்த்துக் கோபப்பட்டு ஓடிவரவும் ஆள் குறைவு. கொம்பும் காலும் தள்ளிப்போய் நிற்கும் 'கொ'வை எந்தத் தானியங்கிச் சோதனையும் பிழை என்று பிடிக்காது. தமிழ் படிக்கிற ஒருவர் திரையைப் பார்த்தால் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். அடுத்த நிலைப்பதிப்புக்கு முன்னால் களஞ்சியம் உறையும் மாதங்களில் சோதனைக் கிளையை மெய்நிகர் கணினியில் ஏற்றிப் பார், கோணலாகத் தெரிந்தால் 'ரிப்போர்ட்பக்' போட்டு பேக்கேஜ் பெயர், பதிப்பு எண், திரைப்பிடிப்பு மூன்றையும் அனுப்பு என்றேன். ஆங்கிலம் தப்பாக இருந்தால் பரவாயில்லையா என்றான். பதிப்பு எண் சரியாக இருந்தால் போதும் என்றேன்.